அழுங்கு அய்யாவு வீடியோ போட்ட கதை

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கிற மேட்டுப் பக்கமாக, அய்யாவு என்று ஓர் அழுங்கு குடியிருந்தது. அழுங்கைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பெல்லாம் செதில், வாயில் பெயருக்குக்கூட ஒரு பல் கிடையாது, கரையானும் எறும்பும்தான் ஆகாரம். பயந்துவிட்டால் தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அய்யாவு பயப்படாமல் இருந்த நேரம் ரொம்பக் குறைவு.

காட்டில் மரங்களுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கூப்பிடாமல் யாரும் யாருடைய மரத்தடியையும் தோண்டக் கூடாது என்று சபையில் சட்டமும் போட்டுவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் அய்யாவு தன் பசியையே தொழிலாக மாற்றிக்கொண்டது. ‘அய்யாவு கரையான் ஒழிப்பு நிலையம். மரத்துக்குச் சேதம் இல்லை. கூலி வேண்டாம், கரையானே போதும்’ என்று ஒரு வலைத்தளம் திறந்தது. கட்டிக் கொடுத்தது பக்கத்துப் புதரில் இருந்த சிலந்தி. அந்தக் காட்டில் வலை சம்பந்தமான வேலை எதுவானாலும் சிலந்தியிடம்தான் போக வேண்டும்.

தளம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வந்து பார்க்கத்தான் ஆளில்லை. தினமும் ஒரே ஒரு பார்வையாளர் வந்துபோவதாகக் காட்டியது. யாரோ பெரிய மரத்துக்காரர், யோசித்துக்கொண்டிருக்கிறார், எப்படியும் கூப்பிடுவார் என்று அய்யாவு ஆசையோடு காத்திருந்தது. கடைசியில் பார்த்தால், அது தளம் இன்னும் இருக்கிறதா போய்விட்டதா என்று எட்டிப் பார்க்கிற தன் மனைவி செங்கமலம்.

அதே காட்டில் கொண்டல்சாமி என்ற கரடியும் அதே தொழிலைச் செய்தது. கரடி வேலை பார்க்கும் விதம் தெரியுமா? புற்றை இரண்டு கையாலும் பிளக்கும், உறிஞ்சும், மேலே தேன் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளும், போகிற போக்கில் ஒரு கிளையை ஒடித்துவிட்டும் போகும். ஆனால் கொண்டல்சாமி வீடியோ போட்டது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஸ்லோ மோஷனில் நடந்து வந்து, மேளச் சத்தத்துக்கு நடுவே புற்றை ஒரே அடியில் பிளந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. காடே அதைத்தான் கூப்பிட்டது. ஒடிந்த கிளையைக் காட்டி, “நம்ம வீட்டுக்கும் கொண்டல்சாமி வந்துட்டுப் போனாரு” என்று பெருமையடித்துக்கொண்ட குரங்குகள்கூட உண்டு.

இங்கே அய்யாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. குட்டி எப்போதும் தாயின் வாலில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் செங்கமலம் சொன்னது: “என்னங்க, குட்டி வாலில் இருக்கிறதே எனக்குத் தெரிய மாட்டேங்குது. அவ்வளவு இலேசாப் போயிடுச்சு. அந்தக் கரடி வீடியோ போடுது. நீங்க என்ன போடுறீங்க? பெருமூச்சுதான் போடுறீங்க.”

அய்யாவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே கிளம்பி, காட்டுக்கெல்லாம் வீடியோ எடுத்துக் கொடுக்கிற குமரேசனிடம் போனது. குமரேசன் ஒரு கரிச்சான் குருவி. பத்துப் பறவையின் குரலில் பேசும். பேசுவதில் எது தன் சொந்தக் குரல் என்று அதற்கே மறந்துபோயிருந்தது.

“அண்ணே, வலைத்தளம்னா அது கடை மாதிரி. கடை இருக்கிறது தெருவுக்குத் தெரியணுமில்ல? அதுக்குத்தான் வீடியோ. முதல் மூணு செகண்டுல பார்க்கிறவன் விரல் நிக்கணும். முகப்புப் படத்துல நீங்க வாயைப் பிளந்துக்கிட்டு ஆச்சரியப்படணும். பக்கத்துல ஒரு சிவப்பு அம்புக்குறி.”

“அம்புக்குறி எதைக் காட்டும்?”

“எதையாவது காட்டும். அதை யாரும் கேட்க மாட்டாங்க.”

“என் வேலை சுத்தமா இருக்கும்னு சொன்னா போதாதா?”

“அண்ணே, சுத்தத்தை யாரு பார்ப்பாங்க? சரி, எனக்குக் கூலி வேண்டாம். நீங்க தோண்டும்போது கிளம்புற ஈசல் எனக்கு. சம்மதமா?”

அய்யாவு சம்மதித்தது. ஒரு சரிவின் உச்சியில் நின்று, “வணக்கம், நான் அய்யாவு, கரையான் தொல்லையா?” என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். குமரேசன் கேமராவைத் திருப்பி, “ஆக்‌ஷன்” என்றது. அய்யாவு பந்தாகச் சுருண்டுவிட்டது.

“அண்ணே, இது கேமரா. கடிக்காது.”

அய்யாவு மெல்ல விரிந்தது. மறுபடி “ஆக்‌ஷன்”. மறுபடி பந்து. குமரேசன் யோசித்துப் பார்த்து, பயம் போகட்டும் என்று செங்கமலத்தின் குரலிலேயே “ஆக்‌ஷன்” சொல்லிப் பார்த்தது. இந்த முறை அய்யாவு முன்னைவிட இறுக்கமாகச் சுருண்டது. சுருண்ட வேகத்தில் சரிவில் உருள ஆரம்பித்தது. உருண்டு, ஒரு வேரில் எகிறி, சேற்றுக்குள் அசந்து தூங்கிக்கொண்டிருந்த காட்டுப்பன்றியின் பின்புறத்தில் போய் டொம்மென்று மோதியது. பன்றி அலறியடித்து எழுந்து, பந்தைப் பார்த்து, பந்துக்குள்ளிருந்து “மன்னிச்சிருங்க” என்று குரல் வந்ததும் மூர்ச்சை போட்டு விழுந்தது.

“எடுக்கலையே?” என்று அய்யாவு வயிற்றுக்குள்ளிருந்து கேட்டது.

“எடுத்துட்டேன். ஏத்தியும் விட்டுட்டேன்” என்றது குமரேசன்.

சாயங்காலத்துக்குள் காடு முழுக்க அந்த வீடியோதான். மான்கள் மேய்வதை விட்டுவிட்டுப் பார்த்தன. மோதிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து யானைகள் குலுங்கின. கீழே கொடுத்திருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒரே சமயத்தில் வலைத்தளத்துக்குள் நுழைந்ததில் வலை அறுந்தே போய்விட்டது. சிலந்தி ஓடி வந்து, திட்டிக்கொண்டே புதிதாகப் பின்னிக் கொடுத்தது.

அய்யாவு வந்திருந்த விசாரிப்புகளைத் திறந்து படித்தது. ‘இந்தப் பந்து சின்ன அளவில் கிடைக்குமா?’ என்று ஒரு யானை கேட்டிருந்தது. ‘பையன் பிறந்தநாளுக்கு வந்து உருள முடியுமா? பன்றியை நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம்’ என்று ஒரு நரிக் குடும்பம். ‘பாகம் இரண்டு எப்போது?’ என்று மிச்சம் எல்லாரும். கரையானைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அய்யாவு ஒவ்வொருவருக்கும் ‘ஐயா, அது பந்து இல்லை, நான்தான்’ என்று பொறுமையாகப் பதில் எழுதியது. அந்தப் பதிலுக்கும் சிரித்தார்கள்.

மறுநாள் ஓர் அழைப்பு வந்தது. மரகதவல்லி என்ற இருவாச்சி. பெண் இருவாச்சி முட்டையிட்டால் மரப்பொந்துக்குள் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஓர் ஓட்டை இருக்கும். குஞ்சு தேறும்வரை வெளியே வராது. உள்ளே பொழுது போக வேண்டுமே, வீடியோதான்.

“தம்பி, உங்க வீடியோவைப் பார்த்துச் சிரிச்சு முடிச்சப்புறம்தான் கீழே ‘கரையான் ஒழிப்பு’ன்னு எழுதியிருக்கிறதைப் படிச்சேன். அடிமரத்துல மொறுமொறுன்னு சத்தம் கேட்குது. போன தடவை அந்தக் கரடியைக் கூப்பிட்டேன், அது உலுக்கின உலுக்குல பொந்தே ஆடிப்போச்சு. குஞ்சுங்களுக்கு இன்னும் இறக்கை முளைக்கலை. மரம் சாய்ஞ்சா நான் எங்கே போவேன்?”

“பயப்படாதீங்கம்மா, இதோ வர்றேன்” என்றது அய்யாவு. அதன் வாழ்க்கையில் யாரையும் பயப்படாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. குமரேசனும் ஈசல் ஆசையில் கூடவே பறந்தது.

மரத்தடியில் அய்யாவு பக்குவமாக மண்ணை விலக்கியது. வழக்கமாக உள்ளே ஒரே அமளியாக இருக்கும், ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். அன்றைக்கு ஓட்டமே இல்லை. செதில் உரசும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு குரல்: “டேய், அண்ணன்டா! உருளுற அண்ணன்!”

ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தன. “அண்ணே, புற்று மொத்தமும் உங்க ரசிகருங்கண்ணே! நாங்க எல்லாரும் சந்தா போட்டிருக்கோம்!”

கரையானுக்குக் கண் கிடையாதே, அது எப்படி வீடியோ பார்க்கும் என்று நீங்கள் கேட்கலாம். வீடியோ பார்க்கக் கண் அவ்வளவு அவசியமில்லை.

குமரேசன் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு அய்யாவின் காதில் சொன்னது: “அண்ணே, உங்க பார்வையாளர்கள்ல முக்கால்வாசி கரையான்தான். தின்னீங்கன்னா சந்தா படுத்துரும்.”

அய்யாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனால் பிறந்ததிலிருந்து தன்னைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரு ஜீவனையும் அது சந்தித்ததில்லை. இங்கே ஒரு புற்றே சந்தோஷப்படுகிறது. “ஒரே ஒரு தடவை உருளுங்கண்ணே” என்று கெஞ்சுகிறது. அய்யாவு உருண்டு காட்டியது. கரையான்கள் ஆரவாரித்தன. பிறகு அய்யாவு மேலே பார்த்து, “அம்மா, நாளைக்கு வந்து முடிச்சுத் தர்றேன்” என்று சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு வீட்டுக்குத் திரும்பியது.

செங்கமலம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. “ரசிகருன்னா தின்னக் கூடாதா?”

“அண்ணேன்னு கூப்பிட்டுச்சு, செங்கமலம்.”

“எங்க அண்ணன்கூடத்தான் உங்களை வாய் நிறைய மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாரு. ஒரு வேளை சாப்பாடு போட்டாரா?”

அய்யாவு மனசுக்குள் கணக்குப் போட்டது. அந்தப் பக்கம் மரம் சாய்ந்தால் இருவாச்சியின் குஞ்சுகள் போய்விடும். இந்தப் பக்கம் தன் குட்டி. நடுவில் தன்னை நம்பி உட்கார்ந்திருக்கிற ஒரு புற்று. வெகு நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது. சொன்னால் கரையான்கள் தலைதெறிக்க ஓடிவிடும். மரம் பிழைக்கும், பாவமும் சேராது. சாப்பாட்டுக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்.

“அண்ணே, வேண்டாம்ணே. உண்மையைச் சொல்லி யாரும் இதுவரைக்கும் உருப்பட்டதில்லை” என்று குமரேசன் தடுத்துப் பார்த்தது. அய்யாவு கேட்கவில்லை. அன்றைக்கு கேமரா முன்னால் அது சுருளக்கூட இல்லை. பயத்தைவிடத் துக்கம் பெரிதாக இருந்தது.

“நான் அய்யாவு. உருள்றது என் தொழில் இல்லை. நான் கரையான் தின்கிறவன். என் தளத்தோட பேரே கரையான் ஒழிப்பு நிலையம்தான், பெரிய எழுத்தில் போட்டிருக்கு, நீங்க யாரும் படிக்கலை. இதைப் பார்க்கிற கரையான்களே, இருவாச்சி அம்மா மரத்தை இன்னைக்கே காலி பண்ணிட்டு எங்கேயாவது ஓடிப் பிழைச்சுக்கோங்க. மேட்டுப் பக்கம் என் வளைக்கு மட்டும் வந்துராதீங்க. வந்தா நான் தின்னுருவேன். எனக்கு ரொம்பப் பசிக்குது.” சொல்லும்போதே குரல் உடைந்தது.

இந்த வீடியோவுக்கு முன்னால் பன்றி வீடியோ ஒன்றுமேயில்லை என்றாகிவிட்டது. ‘கண் கலங்கிவிட்டது’ என்று எழுதினார்கள், கண்ணே இல்லாதவர்கள். ‘இந்தக் காலத்தில் இவ்வளவு வெளிப்படையாக யார் பேசுகிறார்கள்?’ ‘எங்களை மகிழ்விக்கத் தன்னையே வில்லனாகக் காட்டிக்கொள்கிற மனசு!’ ‘வராதே என்று அண்ணன் சொன்னால் வா என்று அர்த்தம்.’

மறுநாள் காலையில் வளைக்கு வெளியே ஏதோ சலசலப்பு. அய்யாவு எட்டிப் பார்த்தது. மேட்டின் அடியிலிருந்து வாசல்வரைக்கும் பழுப்பு நிறத்தில் ஒரு நீண்ட வரிசை. இருவாச்சி மரத்துக் கரையான் மட்டுமில்லை, தேக்கு, பலா, வேங்கை என்று எல்லா மரங்களையும் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

அய்யாவு பதறிப்போனது. “ஐயோ, போயிருங்க! நான் சொன்னது காதில் விழலையா? தின்னுருவேன்!”

“ஆகா, அதே வசனம்!” என்று வரிசை கைதட்டியது.

முன்னால் நின்ற கரையான் கூச்சத்தோடு சொன்னது: “அண்ணே, நாங்க ரொம்ப தூரத்திலிருந்து வர்றோம். உள்ளே எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்க்கணும்.”

“எதுக்குள்ளே?”

“உங்க வாய்க்குள்ளதாண்ணே. வீடியோவுல அவ்வளவு உருக்கமா சொன்னீங்களே.”

அய்யாவு திரும்பிப் பார்த்தது. செங்கமலத்தின் வாலில் இருந்த குட்டி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவை விளக்கமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் அய்யாவு வாயைத் திறந்தது. வார்த்தைக்கு முன்னால் நாக்கு வந்துவிட்டது. அழுங்கின் நாக்கு என்றால் லேசுப்பட்டதில்லை, உடம்பில் பாதி நீளம் இருக்கும். முதல் கரையான் நன்றி சொல்லிவிட்டு அதில் ஏறிக்கொண்டது. “தள்ளாதீங்கப்பா, வரிசையில வாங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு” என்று பின்னாலிருந்து ஒரு பெரிய மனிதத் தோரணைக் கரையான் ஒழுங்குபடுத்தியது. அய்யாவின் கண்களிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. குமரேசன் அதையும் எடுத்தது.

அன்று செங்கமலமும் குட்டியும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். இருவாச்சி மரத்தில் மொறுமொறு சத்தம் நின்றது. ‘வந்து ஒரு தடவை உருண்டதோடு சரி, வேலை முடிந்துவிட்டது. இப்படி ஒரு சேவையைப் பார்த்ததில்லை’ என்று மரகதவல்லி ஐந்து நட்சத்திரம் போட்டது. தேக்குக்காரரும் பலாக்காரரும் போட்டார்கள். கொண்டல்சாமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, “நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடியோ பண்ணலாமே” என்று பணிவாகக் கேட்டது.

அய்யாவு இப்போதும் வாரம் ஒரு தடவை வீடியோ போடுகிறது. ஒவ்வொன்றிலும் மனசாட்சியோடு அதே எச்சரிக்கையைச் சொல்கிறது. வலைத்தளத்தில் ‘நேரில் வந்த ரசிகர்களின் கருத்துகள்’ என்று தனியாக ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறது. வந்தவர்களில் ஒருவர்கூட இதுவரை ஒரு குறை எழுதியதில்லை.

நீதி: வியாபாரத்தில் எப்போதும் உண்மையையே சொல்லுங்கள், கேட்பவர்கள் அதை விளம்பரம் என்று எடுத்துக்கொள்வார்கள்.