பூஜையில் வைத்த பாஸ்வேர்டு நோட்டு

செஞ்சி,
ஐப்பசி 24, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய ‘விளைச்சல்’ பணியாளர் செய்திமடலின் ஆசிரியர் வித்யாஸ்ரீ அவர்களுக்கு,

செஞ்சிக் கிளையின் தலைமை எழுத்தர் துரைராஜ் பணிவன்புடன் எழுதுவது. தாங்களும் தலைமை அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் கிளையில் ஒருவரைத் தவிர அனைவரும் நலம். அந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் இந்த விதைக் கம்பெனியில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். வருகிற மாசியோடு ஓய்வு. இது என்னுடைய மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ‘பணியாளர் கருத்துகள் நமது இணையதளம் வழியாக மட்டுமே ஏற்கப்படும்’ என்று ஒரு சீட்டை ஒட்டி இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீட்டு ஒட்டியவர் உறையைப் பிரிக்கக்கூட இல்லை. பிரித்துப் படித்திருந்தால் அவருக்கே மனசு கேட்டிருக்காது.

தங்களுடைய ‘இலையுதிர்காலச் சிறப்பிதழ்’ புரட்டாசி முதல் வாரம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் சிவப்பும் ஆரஞ்சுமாக இலைகள் கொட்டிக் கிடந்த படத்தை, உத்தரவுப்படி கடை வாசலில் ஒட்டினோம். செஞ்சியில் அந்த மாதத்தில் இலை எதுவும் உதிர்வதில்லை, மழை வந்தால் ரோடுதான் உதிரும். அவலூர்பேட்டையிலிருந்து வந்த விவசாயி ஒருவர் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, “இன்னா சார் நோயி இது? எலையெல்லாம் செவந்து கொட்டுது. மருந்து இருக்குதா?” என்று கேட்டார். எங்கள் விற்பனையாளர் தினேஷ்குமார் மருந்து எடுக்க உள்ளே போய்விட்டான். நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன். அதே இதழின் மூன்றாம் பக்கத்தில் பணியாளர் நலம், ஐந்தாம் பக்கத்தில் இணையப் பாதுகாப்பு என்று இரண்டு பகுதிகள். கிளைக்கு ஒருவர் இரண்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் மேலாளர் ஹரிகிருஷ்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன், அதனால் நலமும் பாதுகாப்பும் என் தலையில் விடிந்தன.

நலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை பதினொரு மணிக்குக் கண்ணை மூடி ஐந்து நிமிடம் மூச்சை இழுத்துவிடச் சொல்லியிருந்தீர்கள். பதினொரு மணிதான் எங்களுக்குக் கூட்டம் நெரிகிற நேரம். கிடங்கு உதவியாளரோடு சேர்த்து ஐந்து பேரும் எழுந்து நின்று கண்ணை மூடியதும், வரிசையில் இருந்தவர்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “ஆரு சார் தவறிட்டாங்க?” என்று விசாரித்தார்கள். அதோடு மூச்சை நிறுத்திவிட்டோம். அடுத்தது பத்தாயிரம் அடி நடக்கும் போட்டி. நடக்க யாருக்கும் நேரமில்லாததால் தினேஷ்குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரின் போனையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ராஜகிரிக் கோட்டை ஏறினான். பாதி வழியில் குரங்கு ஒன்று பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பொரி கடலை கொடுத்து, கெஞ்சி, நான்கு போனை மீட்டான். மேலாளரின் போனை மட்டும் குரங்கு மாலைவரை தரவில்லை. அன்று மாநிலத்திலேயே அதிகம் நடந்தவர் எங்கள் மேலாளர்தான் என்று தாங்கள் அடுத்த இதழில் பாராட்டிச் சான்றிதழும் அனுப்பினீர்கள். அது இப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. எங்களிடம் ஒரு நோட்டு இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வீர்கள், மாற்றுவோம், மறுநாளே மறந்துவிடுவோம். புதிது கேட்டு உங்களுக்குப் போன் போட்டால் அரைநாள் போய்விடும். விதை வாங்க வந்தவர் வெயிலில் நிற்பார். அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, எல்லோருடைய பாஸ்வேர்டையும் என் கையாலேயே எழுதி வைத்தேன். பில் போடுகிற மங்கை மட்டும், “எனக்கு ஞாபகம் இருக்குது சார், எழுத வேணாம்” என்றாள். “நாளைக்கு நீ லீவுல போயிட்டா பில்லு யாரும்மா போடறது?” என்று நான்தான் அதட்டி வாங்கினேன். அவள் தன் மகள் நிலாவின் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்து வைத்திருந்தாள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அதுவே வினையாகிவிட்டது.

ஆயுத பூஜையன்று காலையில் கடையைக் கழுவி, தராசு, கம்ப்யூட்டர், பில் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கணக்கு நோட்டை விரித்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் கிளை வழக்கம். இப்போது கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் போய்விட்டதால் கடையில் நோட்டு என்று மிஞ்சியது பாஸ்வேர்டு நோட்டு ஒன்றுதான். அதையே வைத்தேன். முதல் பக்கத்தில் காபி கொட்டியிருந்தது. அம்மனுக்கு முன்னால் கறைப் பக்கத்தை எப்படி விரிப்பது? ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தமான பக்கம் மங்கையுடையதுதான். அதை விரித்து, மூலையில் மஞ்சள் தடவி, பூ வைத்தேன். தாங்கள் பண்டிகைப் படம் கேட்டிருந்தீர்கள் என்பதால் தினேஷ்குமாரைப் படம் எடுக்கச் சொல்லி, பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற முறையில் நானே அதைத் தங்களுக்கு அனுப்பி வைத்தேன்.

நாங்கள் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இணையப் பாதுகாப்புத் தேர்வை அன்று மாலை ஆறு மணிக்குள் ஐந்து பேரும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் கிளையின் பெயர் சிவப்புப் பட்டியலில் போகும் என்றார்கள். பாஸ்வேர்டெல்லாம் பூஜையில் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்யாமல் தொடுவது கிடையாது, பக்கம் புரட்டுவதும் தொடுவதுதானே. மேலாளர் சற்று யோசித்துவிட்டு, “மங்கை பக்கம்தான் தெரியுதே சார், அதுலயே எல்லாரும் போயிடலாம்” என்றார். மங்கை எழுந்து வந்து மெதுவாகச் சொன்னாள்: “வேணாம் சார். பாஸ்வேர்ட ஆருக்கும் குடுக்கக் கூடாதுன்னு நம்ம பொஸ்தகத்துலயே போட்டுக்குது.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நம்மளுக்குள்ள இன்னாம்மா இருக்குது” என்றேன். ஐந்து பேரும் அவள் கணக்கிலேயே நுழைந்து, ஐந்து முறை தேர்வு எழுதினோம். நான்கு முறை தோல்வி, ஒரு முறை நூற்றுக்கு நூறு. அந்த நூறு அவள் எழுதியது.

அடுத்த இதழில் எங்கள் பூஜைப் படத்தை முழுப்பக்கத்துக்குப் போட்டீர்கள். ‘பாரம்பரியமும் பாதுகாப்பும் கைகோக்கும் செஞ்சிக் கிளை’ என்று தலைப்பு. படத்துக்கு நேர் கீழே ‘உங்கள் பாஸ்வேர்டு உங்களோடு மட்டும்’ என்ற கட்டுரை. நாற்பத்திரண்டு கிளைகளுக்கும் போனது. நடுவில் நோட்டு, அதில் மங்கை என்ற பெயர், கீழே நிலாவின் பெயரும் தேதியும், கண்ணாடி போடாமலே படிக்கலாம். தங்களைக் குறை சொல்லவில்லை அம்மா. தாங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன், இரண்டு பேருமே பூவைத்தான் பார்த்திருக்கிறோம்.

ஒரே வாரத்தில் மங்கைக்குப் பணியிடை நீக்க ஆணை வந்தது. பாஸ்வேர்டை வெளியிட்டது ஒரு குற்றம், ஒரே தேர்வை ஐந்து முறை எழுதியது இன்னொரு குற்றம். விசாரணை முடியும்வரை அந்தக் கணக்கு எந்த வகையில் பயன்படுத்தப்பட்டாலும் விசாரணை இல்லாமலே பணிநீக்கம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பார்த்திபன் என்ற அதிகாரி நேரில் வந்து நோட்டைக் கைப்பற்றி உறையில் போட்டு அரக்கு வைத்தார். எங்களை வரிசையாக நிற்க வைத்து, “இந்தக் கணக்குல அஞ்சு தடவ பரீட்ச எழுதுனது யாரு?” என்று கேட்டார். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். தினேஷ்குமார் தன் செருப்பைப் பார்த்தான். கிடங்கு உதவியாளர் தராசைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். மாசி மாதம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். மங்கை எங்கள் நான்கு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, “என் கணக்குதான் சார்” என்றாள். எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. பார்த்திபனும் விடவில்லை. “எந்தக் கணக்குல நடந்துச்சோ, அந்தக் கணக்குக்காரங்க செஞ்சதாத்தான் ரூல். வேற யாரு உக்காந்து தட்டுனாலும் சரி” என்று சொல்லிவிட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. முந்தாநாள் அனந்தபுரம் பக்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் மங்கை. அவள் அம்மா இன்னமும் அடுத்தவர் கழனியில் நாற்று நடப் போகிறவர். என்னைப் பார்த்ததும், சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்று, “எம்பொண்ணு எதுனா எடுத்துட்டுதா சார்? ஊர்ல அப்டித்தான் பேசறாங்க” என்று கேட்டார். எடுக்கவில்லை, பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்று நான் சொல்லிப் பார்த்தேன். பாஸ்வேர்டு என்றால் என்ன என்று கேட்டார். நிலா பெயரும் தேதியும் என்றேன். “பேத்தி பேர எழுதி சாமிகிட்ட வெச்சா வேல போயிடுமா சார்?” என்றார். மங்கை வெளியே வரவே இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, பிள்ளையிடம்கூடப் பேசுவதில்லை என்றார்கள். நலப் பொறுப்பாளர் என்ற முறையில் உங்கள் மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்த மனநல உதவி எண்ணுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். பாதிக்கப்பட்டவரின் பணியாளர் எண் கேட்டார்கள், சொன்னேன். பணியிடை நீக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சேவை கிடையாது என்று சொல்லி, இன்றைய நாள் இனிய நாளாகட்டும் என்று வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. ஆகவே தங்கள் செய்திமடலில், படம் போட்ட அதே முழுப்பக்கத்தில், இதை அப்படியே போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நோட்டு என்னுடையது. எழுத்து என்னுடையது. பக்கத்தை விரித்தது நான். படத்தை அனுப்பியது நான். அவள் கணக்கில் தேர்வு எழுதித் தோற்ற நான்கில் ஒன்று நான், வாங்கிய மதிப்பெண் பதினெட்டு. மங்கை செய்த தவறு, வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியும் பெரியவன் சொல்கிறானே என்று விட்டுக்கொடுத்தது ஒன்றுதான். குரங்கு நடந்ததற்கு மேலாளருக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள், நான் எழுதியதற்கு மங்கைக்குத் தண்டனை கொடுக்கிறீர்கள். இரண்டையும் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். என் ஓய்வுக்கு என்ன வந்தாலும் வரட்டும். வீட்டில் என் மனைவி நீலாவதியிடம் சொல்லிவிட்டேன். “இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டாள்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் சகல நன்மைகளும் உண்டாகட்டும். தலைமை அலுவலகத்தில் என்னைத் தெரிந்தவர் யாராவது மிச்சமிருந்தால் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
து. துரைராஜ்,
தலைமை எழுத்தர் மற்றும் நல, இணையப் பாதுகாப்புப் பொறுப்பாளர், செஞ்சிக் கிளை.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை இணையதளத்தில் ஏற்ற என் பாஸ்வேர்டு வேண்டும். அது அரக்கு வைத்த நோட்டில் இருக்கிறது. நினைவிலிருந்து மூன்று முறை போட்டுப் பார்த்ததில் என் கணக்கு ஒரு மாதத்துக்குப் பூட்டிக்கொண்டது. மேலாளரிடம் கேட்டேன். “பாஸ்வேர்ட யாருக்கும் தரக் கூடாது சார், நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க” என்றார். தினேஷ்குமாரும் கிடங்கு உதவியாளரும் அதையே சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தங்களுக்குச் சேர வேண்டுமே என்று யோசித்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாஸ்வேர்டு ஒன்றுதான் இருக்கிறது. நாற்பத்திரண்டு கிளைக்கும் தெரிந்ததை உங்கள் பாதுகாப்புப் பிரிவு இதற்குள் மாற்றியிருக்கும் என்றுதான் நினைத்தேன். போட்டதும் திறந்துகொண்டது. நல்ல காரியத்துக்குத்தானே என்று அதிலேயே அனுப்புகிறேன். அனுப்புநர் என்ற இடத்தில் மங்கை என்று வரும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எழுதியது நான்தான்.