பத்து நிமிஷ வித்தியாசம்

மூன்றாவது முறையாகவும் செல்கள் பொருந்தவில்லை.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், இலக்கியா தன் ரத்தத்திலிருந்தும் இரட்டைச் சகோதரி மணிமொழியின் ரத்தத்திலிருந்தும் ஸ்டெம் செல்களை உருவாக்கியிருந்தாள். உடம்பில் எதுவாகவும் மாறக்கூடிய செல்கள். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்; ஒரே அச்சில் பிறந்த இரட்டையருக்கு அந்த வித்தியாசம் குறைவாக இருக்க வேண்டும். இங்கோ முன்பின் தெரியாத இருவருடையதைப் போல இருந்தது. வளர்க்கும் திரவத்தை மாற்றினாள், இன்குபேட்டரை மாற்றினாள். பலனில்லை. ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரான சங்கராபுரத்துக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, நானும் மணியும் நெஜமாவே ஒண்ணாத்தான் பொறந்தோமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ராணியம்மாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"இது என்னிக்காவது வெளிய வரும்னு தெரியும்டி."

"இன்னாம்மா சொல்ற?"

"மொதல்ல பொறந்த இலக்கியா கால்ல கறுப்புக் கயிறு கட்டியிருந்தேன். மூணாம் மாசம் குளிப்பாட்டும்போது அவுந்துபோச்சு. யாரு மூத்ததுன்னு தெரியல. குத்துமதிப்பா ஒண்ணுக்குக் கட்டிட்டேன்."

"அப்ப நான் மணிமொழியா?"

"இருக்கலாம்."

கேட்டது ஒன்று, வந்தது வேறு. மணிமொழியின் கணவன் தீனதயாளன் டீ டம்ளரோடு உள்ளேயிருந்து வந்தான்.

"அத்த, பத்து நிமிஷ வித்தியாசத்துல நட்சத்திரம் மாறிடுச்சி, ரெண்டாவது பொண்ணு ஜாதகம்தான் எனக்குப் பொருந்துதுன்னு சொன்னீங்களே. அப்ப நான் கட்டியிருக்கறது யாரு?"

பின்னாலேயே வந்த மணிமொழி அவனை முறைத்தாள். "ஆறு வருசமா குடும்பம் நடத்திக்கினு இருக்கியே, உனுக்குத் தெரியலியா?"

"அப்பப்ப சந்தேகமாத்தான் இருந்துச்சு."

அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அப்பா நாராயணசாமி சமாதானத்துக்கு வந்தார். "பாப்பா, அந்த செல்லப் பாத்து யாரு மூத்ததுன்னு சொல்லிடேன்."

"செல்லுக்கு அது தெரியாதுப்பா."

"அப்பறம் அத இன்னாத்துக்கு வளக்குற?"

அவர் ஜோசியருக்கு போன் போட்டார். மாப்பிள்ளையையும் இரண்டு பெண்களையும் சேர்த்து அழைத்து வரச் சொன்னார் ஜோசியர். இதைக் கேட்டதும் அறைக்குள் மணிமொழி துணிகளைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் கேட்டது.

ஆராய்ச்சியையாவது காப்பாற்ற வேண்டும். மணிமொழிக்கு மறுபடி ரத்தம் எடுத்துவிடலாம் என்று, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு இலக்கியா சொல்லி அனுப்பினாள். போன தடவை எடுத்த நிர்மலாவே ஸ்கூட்டியில் வந்தாள். வாசலில் நின்றபடி எல்லாச் சண்டையையும் கேட்டாள்.

"செல்லு ஒத்துப்போவலன்னா இவ்ளோ கலாட்டா?"

"ஆமா. அதுலதான் ஆரம்பிச்சுது."

நிர்மலா ஊசியைப் பைக்குள் திருப்பி வைத்தாள்.

"கோச்சிக்காதீங்கக்கா. அன்னிக்கு உங்க தங்கச்சி, இல்ல, அக்காவோ இன்னாவோ, அவங்க ரத்தம் புடிச்ச குழாய் கை தவறி ஒடஞ்சிபோச்சு. எட்டு மாசமா சென்னைல நீங்க வளத்துக்கினு இருக்கறது என் ரத்தம்."