றோபோவுக்கு ஒரு பொன்னாடை

கனடாவில் எங்கள் மில்லிக்கன் தமிழ்த் திரைக்கலை விருதுக் குழு என்பது நான்கு பேரும் ஓர் இலச்சினையும் பதினேழு விதிகளும் கொண்ட பொறுப்புள்ள அமைப்பு. கூட்டக் குறிப்பு எழுதுவது நான். குறிப்பு எழுதுபவர் கருத்துச் சொல்லக்கூடாது என்று ஒரு விதி உண்டு. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

இந்த வருடம் "செவ்வாயில் ஒரு பேஸ்மென்ட்" என்று ஒரு விஞ்ஞானப் படம் வந்தது. மிதுனன் என்ற இளைஞர், யூனியன்வில்லில் மாமா வீட்டு பேஸ்மென்ட்டையே செவ்வாய்க் கிரகமாக்கி எடுத்திருந்தார். அங்கே தனித்துப்போன ஒரு பெண்ணும் ஒரு றோபோவும்தான் கதை. பழைய வக்யூம் கிளீனரின் மேல் சோற்றுக் குக்கரைக் கவிழ்த்தால் அதுதான் றோபோ. பெண்ணாக நடித்தவர் துர்க்கா. மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். கடைசிக் காட்சியில் மின்சாரம் போதாமல், தான் உயிர் பிழைக்க அவர் றோபோவின் வயரைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் அதனிடம் மன்னிப்புக் கேட்பார். அந்த இடத்தில் குழு முழுவதும் மூக்கைச் சிந்தியது.

துர்க்காவுக்கு இந்த விருது தேவைப்பட்டது. அடுத்த படத்துக்குப் பண உதவி கேட்டு ஓர் அரசாங்கக் கலை அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருந்தார். சொந்தச் சமூகம் அவரை நடிகையாக ஏற்றுக்கொண்டதற்குச் சான்றிதழ் வேண்டுமாம். இல்லாவிட்டால் மருந்துக்கடைதான் கதி.

சிறந்த நடிகைக்கு விதிப்படி புள்ளி போடத் தொடங்கினோம்.

"உடை மாற்றம்?" என்றார் தலைவர் தில்லையம்பலம்.

"ஒண்டும் இல்லை. முழுக்க அந்த விண்வெளி உடுப்புத்தான்" என்றார் செயலாளர் கிளிபோட்.

"பூச்சியம். நடனம்?"

"செவ்வாயிலை ஆரோடை ஆடுறது?"

"பூச்சியம். கண்ணீர்?"

"தலைக்கவசக் கண்ணாடி ஆவி பிடிச்சுப்போச்சு. அழுதவவோ எண்டு தெரியேல்லை."

"பூச்சியம்."

உறுப்பினர் இராஜேஸ்வரி அன்ரிக்கு மனம் கேட்கவில்லை. "தலைவர், நீங்களே அழுதனீங்கள்."

"அழுதனான்தான். நான் அழுததுக்கு அவவுக்கு எப்பிடிப் புள்ளி போடுறது?"

நியாயமான கேள்வி.

"அப்ப உங்களை ஆர் அழ வைச்சது?" என்றார் அன்ரி.

தலைவர் நேர்மையான மனிதர். நன்றாக யோசித்தார். "றோபோதான். பாவம், ஒரு சொல்லுக் கதைக்காமல் நிண்டது."

"மிகை இல்லாத நடிப்பு" என்றார் கிளிபோட். "முகத்தையும் மறைக்கேல்லை."

நடிகர் மனிதராக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா எனப் பதினேழையும் இரண்டு முறை பார்த்தோம். இல்லை. சிறந்த நடிகர் விருது ஏகமனதாக றோபோவுக்குப் போனது. சிறந்த நடிகைக்குத் தகுதியானவர் எவரும் இல்லை.

துர்க்கா நேரில் வந்தார். "மேன்முறையீடு செய்யலாமோ, அங்கிள்?"

"தாராளமாய்" என்றார் தலைவர். "விருது வெண்டவர் ஆட்சேபணை இல்லை எண்டு கையெழுத்து வைக்கோணும்."

"அது வக்யூம் கிளீனர், அங்கிள்."

"அதுக்கு நாங்கள் என்ன பிள்ளை செய்யிறது? நீர்தானே அதோடை நெருக்கம்."

"அப்ப சான்றிதழிலை என்ரை பேரையும் ஒரு வரி போடுங்கோவன்."

இரக்கப்பட்டுப் போட்டோம்: "வயர் கழற்றியவர்: துர்க்கா." அதைத்தான் அவர் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

விழா மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. றோபோவை மேடைக்குத் தள்ளி வந்தவரும் துர்க்காதான். வீடு விற்கும் முகவர் ஒருவர் பொன்னாடை போர்த்தினார். ஏற்புரைக்காகக் குக்கருக்கு நேரே மைக்கைப் பிடித்தார்கள். றோபோ பேசவில்லை. மண்டபம் காத்திருந்தது.

துர்க்கா அதன் பக்கத்தில் முழந்தாளிட்டு, நழுவிய பொன்னாடையைச் சரிசெய்தார். "பயப்பிடாதை" என்றார் மெதுவாக. "எல்லாரும் உனக்குத்தான் கை தட்டுகினம். நான் இஞ்சைதான் நிக்கிறன்."

மண்டபமே அழுதது.

"பாத்தியளோ" என்றார் தலைவர் கண்ணைத் துடைத்தபடி. "ஒரு அசைவு இல்லை. நடிப்பெண்டால் உதுதான்."

பிறகு றோபோவோடு படம் எடுக்க வரிசை நின்றது. எல்லோரும் தங்கள் தங்கள் போனைத் துர்க்காவிடம் நீட்டினார்கள். நானும் நின்றேன், வேறென்ன. என் முறை வந்தபோது, அலுவலகத்திலிருந்து பதில் வந்ததா என்று கேட்டேன்.

"வந்தது, அங்கிள். றோபோவுக்குக் கனடாவிலை நிரந்தர வதிவிடம் இருக்கோ எண்டு கேட்டிருக்கினம். கொஞ்சம் சிரியுங்கோ."

எவ்வளவு முயன்றும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் படத்தை எடுத்து, பார்த்து, போனைத் திருப்பித் தந்தார்.

"பரவாயில்லை, அங்கிள். றோபோ நல்லா வந்திருக்கு."