கோல்கீப்பரை வெளியேற்றிய குடும்ப இருக்கை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் நலம், என் இடது முழங்காலைத் தவிர. அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், தங்கள் மெத்தைக் கடையும், கடையில் காட்சிக்குப் போட்டிருக்கும் பெரிய மெத்தையில் தங்களது மதியத் தூக்கமும் எந்தக் குறையும் இல்லாமல் நடந்து வரும் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. 'குடும்ப இருக்கையில் உட்கார்ந்துகொண்டு என் பையனை இரண்டு தடவை மைதானத்தை விட்டு வெளியேற்றிய படுபாவி யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். விசாரித்துவிட்டேன். அதற்காக ரொம்ப தூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஆளின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நிலவரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், தாங்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும்.

ஃபுட்பால் லீக் இப்போது நம் காலத்து லீக் இல்லை. அந்தக் காலத்தில் போனோம், கத்தினோம், நடுவரைத் திட்டினோம், தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தோம். இப்போது லீக் அலுவலகத்தில் யாரோ ஒரு மேதாவி, ஆட்டம் பார்ப்பதால் ரசிகர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார். கஷ்டப்படத்தானே ஐயா அங்கே போகிறோம்! சொன்னால் யார் கேட்கிறார்கள்? தொண்ணூறு நிமிட ஆட்டத்தை ஒன்பது துண்டாக்கி, நடுநடுவே இருக்கையே நமக்கு முதுகு பிடித்துவிடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். நம் அணி தோற்றால், ஜெயித்த மாதிரியே ஒரு ஆட்டத்தைத் தயாரித்து வீட்டுத் திரையில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் நடந்த ஆட்டம் வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நானும் எதிர்வீட்டுக்காரரும் ஒரே ஆட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் ஜெயித்துவிட்டு, யாரைப் பார்த்து கேலி செய்வது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறோம்.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். இந்த சீசனில் கொண்டுவந்தார்களே கைப்பட்டை, அதுதான் நம் குடும்பத்தில் விளையாடிவிட்டது. பார்க்க வாட்ச் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு ரசிகனும் கட்டிக்கொள்ள வேண்டும். பந்து ஒரு ஆட்டக்காரரிடம் போகும்போது நம் நெஞ்சு படபடத்தால், அந்த ஆள் ரசிகர்களின் நிம்மதியைக் கெடுக்கிறார் என்று பட்டை எழுதிக்கொள்ளும். அளவு தாண்டினால் ஹாரன் அடித்து, அவரைச் சுற்றி மஞ்சள் விளக்கு எரியும். உடனே வெளியேற வேண்டியதுதான். பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். வெளியே வருகிறவருக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிறார். ஸ்டேடியம் என்றில்லை, வீட்டில் மறுஒளிபரப்பு பார்த்தாலும் கணக்கில் சேரும். அதிலும் ஆட்டக்காரரின் குடும்பத்துக்கென்று ஒரு இருக்கை உண்டு. வீட்டு ஆளுக்குத்தான் அவரைப் பற்றித் தெரியும் என்று சொல்லி, அந்த ஒரு நெஞ்சின் படபடப்பை ஆயிரம் நெஞ்சுக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். காலியாக விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. குடும்பமே நம்பவில்லை என்று அதற்குத் தனியாக மதிப்பெண் குறைப்பார்கள்.

சம்பந்தி, இனிமேல் சுற்றிவளைத்துப் பிரயோஜனமில்லை. அந்தப் படுபாவி நான்தான்.

நான் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பரிசோதகராக வேலை பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். பயப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவன். கம்பி அறுந்துவிடுமோ, கதவு திறந்துகொள்ளுமோ என்றே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பந்து வந்தால் என்ன தோன்றும்? முதல் தடவை, பெனால்டி. மாப்பிள்ளை பறந்து போய்ப் பிடித்துவிட்டார், அற்புதமாகப் பிடித்தார்! ஆனால் அவர் பிடிப்பதற்குள் என் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தபடி நின்ற மனிதரைச் சுற்றி மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டாவது தடவை நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன். மகள் சொல்லிக் கொடுத்தபடி மூச்சை இழுத்து விட்டேன், நூறிலிருந்து தலைகீழாக எண்ணினேன். பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. மாப்பிள்ளை ஷூ கயிறு கட்டக் குனிந்தார். நான் காலில் அடிபட்டுவிட்டது என்று நினைத்துவிட்டேன். ஹாரன்.

அவருக்குப் பதிலாக இறங்கிய பையன் மூன்று கோல் விட்டான், மூன்றும் கால் நடுவே. ஒருவருக்கும் நெஞ்சு படபடக்கவில்லை. அவன் பிடிப்பான் என்று எதிர்பார்த்தால்தானே படபடக்க! சீசனின் மிக நிம்மதியான தோல்வி என்று லீக் அலுவலகம் அதற்கு ஒரு கேடயம் கொடுத்தது. வாங்கிக்கொண்டு அவன் அழுதான், பாவம்.

வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். "அப்பா, நீங்க அவரைப் பாக்குறீங்களா, இல்ல அறுந்து விழப்போற லிஃப்டைப் பாக்குறீங்களா?" என்றாள் மகள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. என் மனைவியோ, "எனக்குப் பிரசவம் ஆனப்பவே மயங்கி விழுந்த மனுஷன் இவரு. இவரைப் போயி அந்த சீட்ல உக்கார வச்சீங்களே, உங்களைச் சொல்லணும்" என்று மகளிடமே என்னை விட்டுக்கொடுத்துவிட்டாள்.

இனிமேல்தான் விஷயம். ஒரு சீசனில் மூன்று முறை வெளியேற்றப்பட்டால் அடுத்த வருட ஒப்பந்தம் கிடையாது. இரண்டு ஆகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். அதில் மாப்பிள்ளை தப்பிக்க ஒரே வழி தாங்கள்தான். சீசனின் முதல் ஆட்டத்துக்குத் தாங்கள் வந்து, குடும்ப இருக்கையில் அமர்ந்து, முதல் நிமிடத்திலிருந்து கண்ணை மூடியே ரசித்தீர்கள். அன்று ஹாரன் அடிக்கவே இல்லை, மாப்பிள்ளை முழு ஆட்டமும் ஆடினார். பூகம்பம் வந்தாலும் புரண்டு படுக்கிற அந்த நெஞ்சுதான் இப்போது நமக்கு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் பட்டையைத் தங்கள் கைக்கு மாற்றிவிடலாம்.

அதுவரை என்னால் எந்த ஆபத்தும் வராது. இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும் முன்பே பட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். தங்களுக்குத் தவறில்லாமல் எழுத வேண்டும் என்பதற்காக, விண்ணப்பித்து வாங்கிய அந்த இரண்டு உண்மையான ஆட்டங்களையும் திரையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துத்தான் ஒவ்வொரு வரியும் எழுதுகிறேன். பெனால்டியை மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்திருப்பேன். பிடித்துவிடுவார் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் பதறுகிறது. என்ன செய்ய, அவரைப் பெற்றது தாங்கள்தான் என்றாலும் எனக்கும் அவர் பிள்ளைதான்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். தங்கள் தூக்கத்துக்கு ஒரு பங்கமும் வராமல் நீண்ட காலம் நலமோடு இருக்க வேண்டும் என்று வேண்டும்,

தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் போன் செய்தாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று சந்தோஷமாக எடுத்தேன். "அப்பா, காலையிலேர்ந்து கையில என்ன கட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள். இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். உள்ளே என் பழைய வாட்ச் பத்திரமாக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் குடும்ப இருக்கையிலிருந்து கோல்கீப்பரைப் பார்த்துப் பதினெட்டு முறை பீதி பதிவாகியிருக்கிறது என்று லீக் அலுவலகம் மூன்றாவது வெளியேற்றத்தை அறிவித்துவிட்டதாம். ஆட்டம் நடப்பதற்கு முன்பே ஒருவரை வெளியேற்றியது இதுதான் முதல் முறை என்று பெருமையோடு எழுதியிருக்கிறார்களாம். ஆகையால் தாங்கள் வெள்ளிக்கிழமை வர வேண்டியதில்லை.

வந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது என்று மகள் சொல்லி இப்போதுதான் தெரிகிறது. முதல் ஆட்டத்தன்று தங்கள் நெஞ்சிலிருந்து பட்டைக்கு ஒரு அசைவும் கிடைக்காததால், இருக்கை காலி என்று பதிந்து மாப்பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. தங்கள் மனம் நோகும் என்று அவர் மறைத்துவிட்டார்.

அப்புறம் மாப்பிள்ளையே போனை வாங்கிப் பேசினார். "விடுங்க மாமா. லீக் அனுப்புன ரிப்போர்ட்டை முழுசா படிச்சேன். அறுபதாயிரம் பேர் உக்காந்திருந்த ஸ்டேடியத்துல, நான் ஷூ கயிறு கட்டக் குனிஞ்சதுக்குப் பதறுனது நீங்க ஒருத்தர்தான்" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை காலையில பிஸ்கட் கம்பெனி டீமுக்குக் கீப்பர் இல்லையாம், நான் ஆடப்போறேன். அங்க பட்டையும் கிடையாது, ஹாரனும் கிடையாது. வாங்க, வந்து தாராளமா பயப்படுங்க" என்றார்.

நான் போகிறேன். தாங்களும் அவசியம் வர வேண்டும். உட்கார வெறும் மரப்பலகைதானாம், தங்களுக்கு மட்டும் ஒரு மெத்தை கொண்டுவந்துவிடுங்கள்.