தறிச் சத்தத்தில் கற்ற தாலாட்டு

எனக்கு நன்றாகப் பாட வரும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. நம்பியது நான் ஒருத்திதான். கேட்டதும் நான் ஒருத்திதான்.

நாலு பேர் எதிரில் என் பெயரைக் கேட்டாலே நாக்கு உள்ளே போய்விடும். ரேஷன் கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் தறிக் குழியில் காலை இறக்கி மிதிக்க ஆரம்பித்தால் போதும், தொண்டை திறந்துகொள்ளும். 'டக்கு டக்கு' சத்தத்தில் என் பாட்டு யாருக்கும் கேட்காது. கேட்காது என்கிற தைரியத்தில்தான் பாடினேன். இதற்குப் பெயர் சங்கீதம் இல்லை, கோழைத்தனம். (அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது வயசு ஆனது.)

என் மகள் கோமதியும் என் அச்சு. பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய ஒரே வார்த்தை "உள்ளேன் டீச்சர்". அதுவும் சில நாள் வெளியே வராது. எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், அவள் ஆறாவது படிக்கும்போது, ஆண்டு விழாவுக்குப் பாட்டு நாடகம் போடப்போவதாகச் சொன்னார்கள். பேச்சே கிடையாது, முழுக்கப் பாட்டு. அதில் ஒரு ராணி, குழந்தை இளவரசனுக்குத் தாலாட்டுப் பாடவேண்டும்.

"ம்மா, எனக்கு அந்த ராணி வேஷம் வோணும்மா" என்றாள் கோமதி. "வெள்ளிக்கிழமை எல்லாரும் பாடிக் காட்டணுமாம். நல்லா பாடறவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம்."

பிறந்ததிலிருந்து எதுவும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காத பெண். இந்த வேஷம் கிடைத்துவிட்டால் இவளாவது என்னைப்போல மூலையில் நிற்கமாட்டாள் என்று எனக்குப் பட்டது. அதுவரைக்கும் புத்தி சரியாகத்தான் இருந்தது.

"பஜனையில பாடுற சரசக்காவாண்ட அனுப்பேன்மே" என்றார் எங்கள் வீட்டுக்காரர். சரசக்கா பக்கத்து வீடு.

"ஏன், எனக்கு இன்னா கொறச்சல்?"

"உன் பாட்ட யார் கேட்டுகினு இருந்தாங்க, கொறச்சல் தெரியறதுக்கு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. (சும்மா இருப்பவளுக்கு வருகிற ரோஷம் ரொம்ப ஆபத்து.) நானே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் சும்மா உட்கார்ந்து பெற்ற பெண்ணுக்கு எதிரில் பாடவும் வெட்கம். அதனால் தறியில் உட்கார்ந்துகொண்டேன். அவளைக் குழிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

'டக்கு டக்கு.' "பால் நிலா மேகத்துல படுத்தாச்சு, ராசா." 'டக்கு டக்கு.' "பச்சக் கிளி கெளையில அடைஞ்சாச்சு, ராசா."

அவள் பின்பாட்டுப் பாடுவாள். எனக்குக் கேட்காது.

"கேக்கலடி. சத்தமா."

இன்னும் சத்தமாகப் பாடுவாள்.

"ஊஹூம். இன்னும்."

ஐந்து நாள் இப்படி. தாலாட்டு என்பது தூங்கப்போகிற குழந்தைக்குப் பாடுவது என்ற ஞானம் இரண்டு பேருக்கும் இல்லை. போதாததற்கு அந்த வாரம் தறியில் ஏற்றியிருந்தது பேஜார் பிடித்த பாவு நூல். இரண்டு அடி பாடுவதற்குள் ஒரு இழை அறுந்துவிடும். நான் தறியை நிறுத்தி, குனிந்து, அறுந்த நுனியைத் தேடி முடிச்சுப் போடுவேன். அதுவரை அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். பிறகு அடுத்த அடி.

"தாலாட்டா இது? ஏலம் வுடற மாதிரி இருக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு இன்னா தெரியும்" என்றேன். அதோடு விட்டேனா? வியாழக்கிழமை தெருக்குழாயில், கேட்காத சரசக்காவிடம், "ராணி வேஷம் எங்க கோமதிக்குத்தான்" என்று சொல்லிவைத்தேன். என் வாழ்க்கையில் நானாகத் தொடங்கிய முதல் பேச்சு அது. சரசக்கா "அப்ப நானும் வந்து பாக்கறேன்டி" என்று கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் ஆறு பெண்கள். அம்மாக்கள் பெஞ்சில். பாட்டு டீச்சர் ஒரு பொம்மையைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். அதுதான் இளவரசன். முதலில் வந்த பெண் அதை அணைத்துக்கொண்டு மெதுவாகப் பாடினாள்.

"இன்னாக்கா, கொசு பாடற மாதிரி பாடுது" என்றேன் சரசக்கா காதில், இளக்காரமாக.

"தாலாட்டுன்னா அப்பிடித்தான்டி பாடணும்" என்றாள் அவள்.

கோமதிக்கு ஜாடை காட்டலாம் என்று எழுந்தேன். அதற்குள் கோமதியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பொம்மையை வாங்கிக்கொண்டு நின்றாள். பாடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஆரம்பிம்மா" என்றார் டீச்சர்.

"சத்தம் வரலயே, டீச்சர்."

"என்ன சத்தம்?"

"தறி."

அறை முழுக்கச் சிரித்தது. கோமதியின் கண் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அவள் வாய் ஜன்மத்துக்கும் திறக்காது என்று எனக்குத் தெரியும், என் வாய் அப்படித்தான் மூடியது. யோசிக்கவில்லை. பெஞ்சை உள்ளங்கையால் 'டக்கு டக்கு' என்று அடிக்க ஆரம்பித்தேன். கால் இரண்டும் தானாகத் தரையை மிதித்தன. இத்தனை அம்மாக்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் தறி நெய்கிறேன், தறி இல்லாமல்.

கோமதி தொடங்கினாள். கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. வாட்ச்மேன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். இரண்டு அடி முடிந்ததும் அவள் பாட்டை நிறுத்தி, இளவரசனைத் தரையில் போட்டுவிட்டு, குனிந்து, இல்லாத இழைக்கு முடிச்சுப் போட்டாள். பாவம், அதுவும் பாட்டில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டாள்.

அவளைச் சொல்லி என்ன. நானும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்திருந்தேன்.

"நீ இன்னாத்துக்குடி குனியற?" என்றாள் சரசக்கா. அவள் மெதுவாகப் பேசிப் பழகாதவள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, குழந்தையத் தூங்கவைக்கச் சொன்னா ஊரையே எழுப்பறீங்களே."

ராணி வேஷம் கொசுவுக்குப் போயிற்று. கோமதிக்கு, ராஜா வருகிறார் என்று முன்னால் வந்து கூவுகிற கட்டியக்காரன் வேஷம். ஒட்டுமீசை வைத்துக்கொண்டு, மைக்கே இல்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கூவினாள். தெருக்குழாய்க்கு நான் ஒரு மாதம் போகவில்லை.

இப்போது அவள் செய்யாரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அத்தனை மிஷின் ஓடும்போதும் அவள் குரல் கேட்கும் என்கிறார்கள். அதற்கு நான் பெருமைப்படலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தாலாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய்ச் சங்கு ஊதக் கற்றுக்கொடுத்தவளுக்கு என்ன பெருமை.

நான் இன்னும் மாறவில்லை. கல்யாண வீட்டில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் நாக்கு உள்ளே போய்விடுகிறது. உடனே மருமகன் பக்கத்திலிருந்து கேட்பார், "இன்னா அத்தே, இழை அறுந்துடுச்சா?"

வீடே சிரிக்கும். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வேன்.

"ம்மா முடிச்சுப் போட்டுகினு இருக்குது, கொஞ்சம் இருங்க" என்பாள் கோமதி. மண்டபம் முழுக்கக் கேட்கும்.