வெயிலில் நின்ற மொபெட்

இந்த ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் போவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவை என் மனைவி மெஹ்ராஜிடம் சொல்லவில்லை. வீட்டில் நான் எடுக்கும் முடிவுகளை இப்படித்தான் காப்பாற்றி வருகிறேன்.

அங்கே மாமனார் வீட்டில் விருந்து. விருந்துக்கு நான் எதிரி அல்ல. அது துபாயிலிருந்து வந்திருக்கும் சகலை ஷேக் பரீதுக்காக நடக்கும் விருந்து என்பதுதான் தொல்லை. போன தடவை அவர் துபாய் ஏசியைப் பற்றிப் பேசப் பேச, என் பக்கம் சுற்றிய மேசை விசிறியை மாமனார் அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டார். பாத்திரக் கடைக்காரனுக்கு வியர்த்தால் யாருக்கு என்ன?

"வரவில்லை" என்று வெடிக்கும் தைரியம் எனக்குக் கிடையாது. மொபெட் டயருக்கு உண்டு. காற்று சூடானால் விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் அடைத்திருக்கும் சுவரை முட்டித் தள்ளும். பள்ளிக்கூடத்தில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் அது. ஆகவே விடிந்ததும் கைப்பம்பை எடுத்தேன். பின் டயர் கருங்கல்லாகும் வரை அடித்தேன். டியூப் பழசு. சித்திரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடை இருக்காது. பஸ் வாடை மெஹ்ராஜுக்கு ஆகாது. விருந்து முடிந்தது.

மெஹ்ராஜ் வாசலுக்கு வந்தாள்.

"இன்னாங்க, இம்மாம் காத்து?"

"ரெண்டு பேரு போறோம்ல. கனம் ஜாஸ்தி."

"யாரு கனம்?"

"என்னுதுதான்."

"நெழல் இருக்கசொல்ல ஏன் வெயில்ல நிறுத்தறீங்க?"

"கழுவினேன். காயட்டும்."

"ஈரமே இல்லியே."

"பாத்தியா, எவ்ளோ சீக்கிரம் காயுது."

நான் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்து, டயர் வெடிக்கும் சத்தம் கேட்டதும் முகத்தில் காட்ட வேண்டிய வருத்தத்தைக் கண்ணாடியில் பழகிப் பார்த்தேன். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு பக்கீர் முகமது நின்று பார்த்தார்.

"பாஷா பாய், இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"சும்மா, காத்து வாங்கிக்கினு இருக்கேன்."

"இந்த அனல்லயா?"

வெயில் ஏறியது. தெருவில் தார் உருகியது. டயர் வாயைத் திறக்கவில்லை. பொறுக்காமல் போய் அழுத்திப் பார்த்தேன். கல்லாக இல்லை. கச்சிராயபாளையம் போய் வரவே அளந்து அடித்தது போல இருந்தது.

மெஹ்ராஜ் பட்டுப்புடவையோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"கெளம்பலாங்களா?"

"டயர்ல காத்து..."

"நீங்க குளிக்கப் போனப்ப கொஞ்சம் எறக்கி வுட்டேன். தொளதொளன்னு ஆயிடுச்சி. வெயிலு ஏற ஏற சரியாயிடுச்சி பாருங்க."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"பூரி சுடறவளுக்குத் தெரியாதா, சூடு பட்டா உப்பும்னு?"

மொபெட்டைக் கிளப்பினேன். தூரத்தில் கல்வராயன் மலை தெரிந்தது. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வரப் புடிக்கலன்னா வாயால சொல்றதுதானே. டியூபு இன்னா பாவம் பண்ணிச்சி?"

எனக்குள் நம்பிக்கை உப்பியது. "சொன்னா வுட்டுடுவியா?"

"மாட்டேன். டியூபாவது தப்பிக்கும்ல."