மாஸ்டர் பெயர் ஒட்டிய குழாய்

"இன்னைக்காவது எடுத்தீங்களா, இல்லையா?"

குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவி காவல் நின்றாள்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு!" என்றார் உள்ளேயிருந்த டிரைவிங் மாஸ்டர். சுத்தப் பொய். கையிலிருந்த பிளாஸ்டிக் குழாய் காலியாகவே இருந்தது.

ஐம்பது தாண்டியவர்களுக்கு சுகாதார மையம் தபாலில் அனுப்பும் குழாய் அது. மூடியிலுள்ள குச்சியால் மலத்தில் ஒரு துளி எடுத்துத் திருப்பி அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பெருங்குடல் புற்றுநோயை முளையிலேயே கிள்ளிவிடலாமாம். மனைவிக்குக் குழாய் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதனால் அவள் அக்கறை முழுவதும் கணவனின் குழாய் மேல்தான்.

இருபத்தெட்டு வருஷமாகக் கற்றுக்குட்டிகளை லாரிகளுக்கு நடுவே ஓட்டவைத்த மனிதருக்கு, அந்தச் சின்னக் குச்சியைப் பார்த்தாலே குமட்டியது.

மாடியில் குடியிருந்த மைத்துனனிடம் போனார். மனைவியின் தம்பி, கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு.

"மாப்ள, எனக்குப் பதிலா நீ இதுல கொஞ்சம்..."

"ச்சீ! என்ன மாமா இது?"

"உனக்கு இரும்பு உடம்புடா. ரிசல்ட் சுத்தமா வரும், உங்க அக்கா நச்சரிப்பும் ஓயும். அவகிட்ட மட்டும் மூச்சு விடாதே."

மறுநாள் குழாய் வேலை முடிந்து வந்தது. மாஸ்டர் தம் பெயரை ஒட்டித் தபாலில் சேர்த்தார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ரத்தம் இருக்கிறது, கேமரா விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும், உடனே வரவும்.

மைத்துனனுக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை; பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். ஐந்து நிமிஷ வேலைக்குக் கூசிய மாஸ்டர், இப்போது அவன் உயிரைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார்.

"மாப்ள, முழு உடம்பும் ஒரு தடவை செக்கப் பண்ணிக்கோயேன்."

"எனக்கென்ன மாமா கேடு?" சொல்லிக்கொண்டே ஒற்றை ஆளாய் பீரோவை நகர்த்திக் காட்டினான். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சட்டை துவைக்கப் போனபோது கடிதம் மனைவி கையில் சிக்கியது.

"என்கிட்டயே மறைச்சுட்டீங்களே!" என்று அழுதாள். அழுத கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியும் வாங்கிவிட்டாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். "உன் தம்பிக்குத்தான்டி" என்று எந்த வாயால் சொல்வது? கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் துணைக்கென்று மைத்துனனையும் அழைத்துப் போய், அங்கே வைத்து ஒப்புக்கொண்டு, அவனையே படுக்கவைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

பரிசோதனைக்கு முதல் நாள் முழுக்கப் பட்டினி. குடலைக் கழுவும் மருந்து லிட்டர் கணக்கில். மனைவி கிளாஸோடு எதிரே நின்றதால் கீழே ஊற்றவும் வழியில்லை. குடிப்பார், ஓடுவார், வருவார், குடிப்பார்.

"நீ ஏன்டி சாப்பிடல?"

"நீங்க வெறும் வயித்தோட கிடக்கும்போது எனக்கு எப்படிங்க தொண்டையில இறங்கும்?"

இப்படிப்பட்டவளை ஏமாற்றினோமே என்று நொந்துகொண்டார். அதற்குள் வயிறு கூப்பிட்டது, மறுபடி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இதமாகப் பேசினாள். "பயப்படாதீங்க சார். சின்னக் கட்டியா இருந்தா அங்கேயே எடுத்துடுவாங்க. சீக்கிரம் வந்தவங்க பெரும்பாலும் பிழைச்சுக்கறாங்க. அடுத்து நீங்கதான்."

மனைவி கவுன்ட்டரில் அவருடைய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் மைத்துனனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, என்னை மன்னிச்சிடு. அந்த ரத்தம் உன்னோடதுடா. நீதான் உள்ள போகணும். எல்லாத்தையும் டாக்டர்கிட்ட நான் சொல்றேன். என் வெட்கம் உன்னைத் தின்னுடக் கூடாது!"

மைத்துனனின் முகம் வெளுத்தது. கையை உருவிக்கொண்டு கவுன்ட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கும் வெட்கமா இருந்துச்சு மாமா. ஆபீஸ்ல டெஸ்டுக்குக் கேக்கறாங்கன்னு பொய் சொல்லி, அதை அக்காகிட்டதான் வாங்கிட்டு வந்தேன்."